தரவு இணைப்பு அடுக்கு: மண்டபம் கரையில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

உச்சிப்புளியிலிருந்து ராமேஸ்வரம் வரை கடலோரத்தில் நெட்வொர்க் கேபிள் இழுப்பது, கேமரா மாட்டுவது, சுவிட்ச் (பல கருவிகளின் கேபிள்கள் வந்து சேரும் இணைப்புப் பெட்டி) பழுது பார்ப்பது என் தொழில். கூட வேலை பார்க்கும் பையன்களும், பாலிடெக்னிக்கில் படிக்கும் அவர்களுடைய தம்பி தங்கைகளும் ஒரே விஷயத்தில் வந்து முட்டி நிற்பதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். அதுதான் நெட்வொர்க்கின் இரண்டாவது அடுக்கு, அதாவது தரவு இணைப்பு அடுக்கு. ஐபி முகவரி புரிகிறது, கேபிள் புரிகிறது, நடுவில் இருப்பது மட்டும் மங்கலாக இருக்கிறது. அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

அண்ணே, பாடத்தில் ஏழு அடுக்கு போட்டிருக்கு. அதில் இந்த இரண்டாவதுக்கு அப்படி என்ன வேலை?

ஒரே நெட்வொர்க்குக்குள் ஒரு கருவியிலிருந்து இன்னொரு கருவி வரை. அதுதான் அதன் எல்லை. அதைத் தாண்டி எதையும் அது பார்ப்பதில்லை. இந்த ஒன்றை மனதில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வந்து உட்காரும்.

ஏழு அடுக்கு என்பது 1984-இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்ட ஓஎஸ்ஐ மாதிரி. முதல் அடுக்குக்குத் தெரிந்தது மின்துடிப்பு, ஒளி, ரேடியோ அலை. அதற்கு 0, 1 மட்டும்தான். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு, யாருக்கு, வழியில் கெட்டுப்போனதா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மூன்றாவது அடுக்கு ஊர்விட்டு ஊர் வழி பார்க்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் தரவு இணைப்பு அடுக்கு நாலு வேலை செய்கிறது. பிட்டுகளைக் கட்டுக்கட்டாகப் பிரிக்கிறது. அந்தக் கட்டுக்குப் பெயர் பிரேம், சட்டகம் என்றும் எழுதுகிறார்கள். கொடுப்பவர், வாங்குபவர் முகவரியைப் பிரேமில் எழுதுகிறது. வழியில் சேதமானதா என்று சோதிக்கிறது. ஒரே கேபிளை, ஒரே காற்றைப் பலர் பயன்படுத்தும்போது யார் எப்போது பேசுவது என்று முறைப்படுத்துகிறது. கடைசி வேலைதான் இருப்பதிலேயே கஷ்டமானது. அதற்குக் கீழே நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

ஐபி முகவரி இருக்கும்போது மேக் முகவரி எதற்கு? ஒன்று போதாதா?

என்னிடம் அதிகம் பேர் கேட்டது இதைத்தான்.

பாம்பனிலிருந்து ஒரு கருவாட்டு மூட்டை மதுரைக்குப் போகிறது என்று வை. சாக்கின் மேல் மதுரைக் கடைக்காரர் பெயரையும் ஊரையும் மையால் எழுதியிருப்பார்கள். கடைசிவரை அதை யாரும் அழிப்பதில்லை. ஆனால் மூட்டை ஒரே வண்டியில் போவதில்லை. கரையிலிருந்து ரோட்டுக்குத் தள்ளுவண்டி, ரோட்டிலிருந்து ராமநாதபுரத்துக்கு மினி லாரி, அங்கிருந்து மதுரைக்குப் பெரிய லாரி. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு சீட்டு எழுதுகிறார்கள்: கொடுத்தவர் இன்னார், வாங்கியவர் இன்னார். அடுத்த கை வந்ததும் பழைய சீட்டு கிழிபடும், புதுச் சீட்டு ஒட்டப்படும்.

சாக்கில் எழுதியது ஐபி முகவரி. சீட்டில் எழுதியது மேக் முகவரி. உன் போனிலிருந்து கிளம்பும் பிரேமில் வாங்குபவர் இடத்தில் இருப்பது வீட்டு ரௌட்டரின் மேக் முகவரிதான். சென்னையில் இருக்கும் சர்வருடையது அல்ல. ரௌட்டர் அந்தப் பிரேமைப் பிரித்து, உள்ளே இருக்கும் பாக்கெட்டை எடுத்து, அடுத்த ரௌட்டரின் பெயருக்குப் புதுப் பிரேம் கட்டுகிறது. இப்படி வழியில் எத்தனை ரௌட்டர் இருக்கிறதோ அத்தனை முறை பிரேம் மாறும். பாக்கெட்டில் உள்ள ஐபி முகவரி பொதுவாக மாறாது. வீட்டு ரௌட்டரில் உள்முகவரியை வெளிமுகவரியாக மாற்றும் ஒரு ஏற்பாடு உண்டு. அது வேறு கதை.

ஒரே முகவரி போதாதா என்றால், சாக்கின் மேல் மதுரை என்று மட்டும் எழுதி, பாம்பன் ரோட்டில் வைத்துவிட்டு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். அடுத்து யார் கையில் கொடுப்பது என்பதும் தெரிந்தாக வேண்டும்.

அந்த அடுத்த கையின் மேக் முகவரி என் போனுக்கு எப்படித் தெரியும்?

கேட்டுத் தெரிந்துகொள்ளும். "192.168.1.1 யாருடையது? உன் மேக் முகவரியைச் சொல்" என்று அந்த நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு பிரேம் அனுப்பும். உரியவர் மட்டும் பதில் சொல்வார். கிடைத்த பதிலைக் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும். இதற்கு ஏஆர்பி என்று பெயர். 1982-இல் எழுதிய நெறிமுறை. இதில் ஒரு பலவீனம் உண்டு: "நான்தான் 192.168.1.1" என்று யார் பொய் சொன்னாலும் நம்பிவிடும். லாட்ஜ், பேருந்து நிலைய வைஃபையில் உட்கார்ந்து வங்கிக் கணக்கைத் திறக்கும்போது, பூட்டுக் குறியுள்ள தளமா என்று பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மேக் முகவரியை எப்படிப் படிப்பது? யார் கொடுக்கிறார்கள்?

48 பிட். இரண்டிரண்டாக ஆறு ஜோடி எழுதுவார்கள்: 02:45:17:90:38:61 மாதிரி. பதினாறின் அடிமான எண் என்பதால் 0 முதல் 9 வரையும், ஏ முதல் எஃப் வரையும் வரலாம். முதல் மூன்று ஜோடியை ஐ-டிரிபிள்-ஈ (IEEE) என்ற பொறியாளர் அமைப்பு அந்தக் கருவியைத் தயாரிக்கும் நிறுவனத்துக்கு ஒதுக்குகிறது. பின் மூன்று ஜோடியை நிறுவனம் தன் கருவிகளுக்கு ஒவ்வொன்றாகப் போடுகிறது. ஒரு ஒதுக்கீட்டில் 1,67,77,216 கருவிக்குப் பெயர் வைக்கலாம்.

எல்லா இடத்திலும் எஃப் என்று இருந்தால் அது எல்லோருக்குமான அழைப்பு. ஏஆர்பி கேள்வி போவது அந்த முகவரிக்குத்தான்.

முதல் ஜோடியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ என்று இருந்தால் அந்த முகவரி தொழிற்சாலையில் வைத்ததல்ல, கருவியே தனக்கு வைத்துக்கொண்டது. ஆளைப் பின்தொடராமல் இருக்க இப்போதைய போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் இப்படி ஒரு முகவரியை உண்டாக்கிக்கொள்கின்றன. ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் வைஃபையை மேக் முகவரி வைத்துக் கட்டுப்படுத்தியிருந்தார்கள். நேற்று அனுமதித்த போன் இன்று நுழையவில்லை என்று என்னைக் கூப்பிட்டார்கள். போனில் அந்த அமைப்பைப் பார்த்தவுடன் விஷயம் தெரிந்துவிட்டது. மேக் முகவரியைப் பூட்டாக நம்பாதீர்கள். யாரும் மாற்றிக்கொள்ளக்கூடிய பெயர் அது.

ஒரு பிரேமுக்குள் என்னென்ன இருக்கும்?

கேபிள் நெட்வொர்க்கில் எங்கும் புழங்கும் ஈதர்நெட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் 7 பைட்டுக்கு 1, 0, 1, 0 என்று மாறி மாறி வரும் தாளம். வாங்குபவர் தன் கடிகாரத்தை இதோடு ஒத்துக்கொள்வதற்கு. அடுத்த 1 பைட் "இதோ ஆரம்பம்" என்கிறது. பிறகு வாங்குபவர் முகவரி 6 பைட், அனுப்புபவர் முகவரி 6 பைட், உள்ளே என்ன சரக்கு என்று சொல்லும் 2 பைட், சரக்கு 46 முதல் 1500 பைட் வரை, கடைசியில் சோதனைக் குறி 4 பைட். பிரேம் முடிந்ததும் 12 பைட் நேரத்துக்கு அமைதி.

வாங்குபவர் முகவரி ஏன் முதலில் வருகிறது? சுவிட்ச் அதைப் படித்ததுமே எந்த வழியில் அனுப்புவது என்று தேட ஆரம்பித்துவிடலாம். சோதனைக் குறி ஏன் கடைசியில்? அனுப்பிக்கொண்டே கணக்குப் போட்டு, முடிவில் விடையை ஒட்டிவிடலாம். இந்த வரிசையில் எதுவும் தற்செயலாக வரவில்லை. சொல்லித் தரும்போது எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

1500 பைட் சரக்குக்கு மேல்செலவு 38 பைட். கேபிளின் நேரத்தில் 97 சதவீதத்துக்கு மேல் சரக்குக்கே போகிறது. 46 பைட் மட்டும் அனுப்பினால் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் தேறும். கூடை நிறையாமல் லாரியை அனுப்பும் நஷ்டம்தான்.

பிரேமின் தொடக்கக் குறி மாதிரியே சரக்கிலும் வந்துவிட்டால் குழம்பாதா?

குழம்பும். அதைத் தடுக்கும் பழைய உத்தி ஒன்று எச்டிஎல்சி என்ற நெறிமுறையில் இருக்கிறது. அங்கே எல்லைக் குறி 01111110. நடுவில் ஆறு 1. சரக்கில் தொடர்ந்து ஐந்து 1 வந்தாலே அனுப்புபவர் ஒரு 0-வைச் செருகிவிடுவார். வாங்குபவர் ஐந்து 1-க்குப் பிறகு வரும் 0-வை எடுத்து எறிந்துவிடுவார். அதனால் ஆறு 1 தொடர்ந்து வந்தால் அது எல்லைக் குறியாக மட்டுமே இருக்க முடியும். தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் "நான் இன்னார், இங்கே இருக்கிறேன்" என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகின்றனவே, அந்த ஏஐஎஸ் செய்தியிலும் இதே குறி, இதே செருகல்தான்.

சேதமானதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

வகுத்து மீதியைப் பார்க்கிறது. இதற்கு சிஆர்சி என்று பெயர். சின்ன எண்ணை வைத்துப் போட்டுக் காட்டுகிறேன், தாளை எடுத்துக்கொண்டு கூடவே போடுங்கள்.

அனுப்ப வேண்டியது 1101. இரண்டு பேரும் முன்பே ஒப்புக்கொண்ட வகுக்கும் எண் 1011. அது நாலு பிட் என்பதால் சரக்கின் பின்னால் மூன்று 0 சேர்க்கிறோம்: 1101000. இப்போது வகுக்கிறோம். கழித்தலில் கடன் வாங்குவது கிடையாது; இரண்டு பிட்டும் ஒன்றாக இருந்தால் 0, வேறாக இருந்தால் 1. 1101-இல் 1011 போனால் 110. அடுத்த 0-வை இறக்கினால் 1100. 1011 போனால் 111. அடுத்த 0 இறங்கி 1110. 1011 போனால் 101. கடைசி 0 இறங்கி 1010. 1011 போனால் 001. மீதி 001. அதை அந்த மூன்று 0 இருந்த இடத்தில் வைத்து 1101001 என்று அனுப்புகிறோம்.

வாங்குபவர் 1101001-ஐ அதே 1011-ஆல் வகுத்தால் மீதி 000 வரும். வழியில் மூன்றாவது பிட் புரண்டு 1111001 என்று வந்து சேர்ந்தால் மீதி 110 வரும். சுழி இல்லை, ஆகவே கெட்டுப்போன பிரேம்.

ஈதர்நெட்டில் மீதி 32 பிட். தொடர்ச்சியாக 32 பிட் நீளத்துக்குள் எந்தச் சேதம் வந்தாலும் நிச்சயம் பிடிபடும். அதைவிட நீண்ட, தாறுமாறான சேதம் தப்பிப் போகும் வாய்ப்பு ஏறத்தாழ 429 கோடியில் ஒன்று. வகுத்தல் என்று சொன்னாலும் சில்லில் இது வெறும் இடமாற்றமும் ஒப்பிடலும்தான், அதனால் பிட் வரும் வேகத்திலேயே கணக்கு முடிந்துவிடும்.

கெட்டுப்போனது தெரிந்தால் திருத்துமா?

ஈதர்நெட் திருத்தாது. யாரிடமும் சொல்லாமல் தூக்கிப் போட்டுவிடும். அனுப்பியவருக்குத் தகவல்கூடப் போகாது. முதலில் கேட்கும்போது பொறுப்பில்லாத வேலை மாதிரித் தோன்றும். யோசித்தால் நியாயம் தெரியும்: நல்ல கேபிளில் சேதம் மிக அரிது. அரிதாக வருவதற்காக ஒவ்வொரு பிரேமுக்கும் "வந்து சேர்ந்தது" என்று பதில் வாங்கினால் எல்லோருக்கும் வேகம் குறையும். விட்டுப்போனதைத் திரும்பக் கேட்பதை மேலே நாலாவது அடுக்கில் இருக்கும் டிசிபி என்ற நெறிமுறை பார்த்துக்கொள்கிறது.

வைஃபையில் அப்படி விட முடியாது. காற்றில் சேதம் அடிக்கடி வரும். அதனால் ஒருவர் பெயருக்குப் போகும் பிரேமுக்கு உடனே ஒரு ஒப்புகை வர வேண்டும். வராவிட்டால் மறுபடி அனுப்பும். ஒன்றை அனுப்பி, பதில் வரும்வரை நின்று, அடுத்ததை அனுப்புவது பழைய எளிய முறை. பதில் வருமுன்பே சிலவற்றைத் தொடர்ந்து அனுப்பிவிட்டு, எது வரை வந்தது என்று மொத்தமாகக் கேட்டுக்கொள்வது நகரும் சாளர முறை. தூரம் கூடக் கூட இரண்டாவதின் அருமை தெரியும்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் அனுப்பினால்?

இதற்கு ஹவாய்க்குப் போக வேண்டும். அங்கேயும் நம்மைப் போலத் தீவுகள். பல தீவுகளில் சிதறிக் கிடந்த பல்கலைக்கழக வளாகங்களை ஒரு கணினியோடு ரேடியோவில் இணைக்க நார்மன் ஆப்ரம்சன் குழு 1971-இல் அலோஹாநெட்டை இயக்கியது. வேகம் விநாடிக்கு 9600 பிட். விதி மிக எளிது: அனுப்ப வேண்டியது இருந்தால் அனுப்பு. பதில் வராவிட்டால் மோதியிருக்கும், ஏதோ ஒரு நேரம் கழித்து மறுபடி அனுப்பு.

ஏலக் கொட்டகையில் பத்துப் பேர் ஒன்றாகக் கத்தினால் ஏலம் விடுபவர் காதில் ஒரு விலையும் விழாது. அலோஹாவிலும் அதேதான். கணக்குப் போட்டால், அந்த அலைவரிசையின் நேரத்தில் அதிகபட்சம் 18.4 சதவீதம்தான் உருப்படியாகப் பயன்படும். ஆரம்பிக்கும் நேரத்தை மட்டும் எல்லோரும் ஒத்துக்கொண்டால் அது இரட்டிப்பாகி 36.8 ஆகிறது. ஒரே ஒரு ஒழுங்கு, இரண்டு மடங்கு பலன்.

அலோஹாவைப் படித்துத்தான் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் 1973 மே 22-ஆம் தேதி ஒரு குறிப்பு எழுதினார். அதில் ஈதர்நெட் பிறந்தது. டேவிட் போக்ஸுடன் சேர்ந்து கட்டிய முதல் வடிவத்தின் வேகம் 2.94 மெகாபிட். அவர் சேர்த்த பெரிய மாற்றம்: பேசுவதற்கு முன் கேள், பேசும்போதும் கேள். யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திரு. பேசும்போது மோதல் கேட்டால் உடனே நிறுத்து. பிறகு எவ்வளவு நேரம் காத்திருப்பது? முதல் மோதலுக்குப் பின் 0 அல்லது 1 நேரத் துண்டு, இரண்டாவதுக்குப் பின் 0 முதல் 3, மூன்றாவதுக்குப் பின் 0 முதல் 7 என்று குலுக்கல் விரியும். பத்தாவதில் 1023 வரை போய் அதோடு நிற்கும். 16 முறை மோதினால் கைவிட்டுவிடும். கூட்டம் கூடக் கூட ஒவ்வொருவரும் தானாக அதிகம் பொறுக்கிறார்கள், நடுவில் அதிகாரி யாரும் இல்லாமல். இந்த யோசனையின் அழகை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

ஒரு பிரேம் குறைந்தபட்சம் 64 பைட் (46 பைட் சரக்கு, முகவரியும் மற்றதும் 18 பைட்) என்று ஏன்?

மேலே சொன்னதிலிருந்தே வருகிறது. மோதலைக் கேட்க வேண்டும் என்றால், மோதின சத்தம் திரும்பி வரும்வரை நீ பேசிக்கொண்டே இருக்க வேண்டும். சீக்கிரம் முடித்துவிட்டால், தூரத்தில் நடந்த மோதல் உனக்குத் தெரியாமலே போகும். 10 மெகாபிட் வேகத்தில் 64 பைட், அதாவது 512 பிட் அனுப்ப 51.2 மைக்ரோ விநாடி ஆகும். அனுமதித்த மிக நீண்ட நெட்வொர்க்கில் சிக்னல் போய்த் திரும்புவதற்குள் முடிந்துவிடக் கூடாது என்று வைத்த அளவு அது. சரக்கு குறைவாக இருந்தால் வெறும் பைட்டைத் திணித்து நிரப்புவார்கள்.

இப்போது சுவிட்சில் ஒவ்வொரு கருவிக்கும் தனிக் கேபிள், போவதற்கும் வருவதற்கும் தனித்தனி வழி. மோதலே கிடையாது. ஆனாலும் 64 பைட் விதி அப்படியே இருக்கிறது. பழைய கருவியோடும் பேச வேண்டுமே.

வைஃபைக்கு மட்டும் ஏன் வேறு விதி?

பேசிக்கொண்டே கேட்பது ரேடியோவில் முடியாது. தன் குரலே காதை அடைத்துவிடும். அதனால் மோதிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல், மோதாமல் இருக்க முன்கூட்டியே முயல்கிறது. காற்று அமைதியாக இருந்தாலும் உடனே பேசாது. ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, அதை எண்ணி முடித்துவிட்டுத்தான் பேசும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீளமான லாட்ஜ் தாழ்வாரத்தின் நடுவில் வைஃபைக் கருவி. இந்தக் கோடி அறைப் போனுக்கு அந்தக் கோடி அறைப் போனின் குரல் கேட்காது. இருவருமே காற்று காலி என்று நினைத்துப் பேசுவார்கள்; நடுவில் இருப்பதிடம் போய் மோதும். இதற்கு மருந்து, "நான் பேசலாமா" என்று ஒரு குட்டிப் பிரேம் கேட்பது. "பேசு" என்று நடுவில் இருப்பது சொல்வது இரண்டு கோடிக்கும் கேட்கும், மற்றவர் ஒதுங்கிக்கொள்வார்.

கடல் தாண்டி வைஃபை இணைப்பு போடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. வைஃபை நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக எண்ணுகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் ஒரு துண்டு 9 மைக்ரோ விநாடி. ரேடியோ அலை 3 கிலோமீட்டர் போகவே 10 மைக்ரோ விநாடி ஆகிறது. அக்கரையிலிருந்து ஒப்புகை வந்துகொண்டிருக்கும்போதே இக்கரைக் கருவி "வரவில்லை" என்று முடிவுகட்டி மறுபடி அனுப்பும். சிக்னல் முழுசாகக் காட்டும், வேகம் மட்டும் வராது. பாம்பன் பக்கத்தில் ஒரு இணைப்பில் ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி இரண்டு நாள் வீணாக்கினேன். கருவியின் அமைப்பில் தூரம் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் கிலோமீட்டரைப் போட்டவுடன் சரியானது.

சண்டை போடாமல் முறை வைத்துப் பேச முடியாதா?

முடியும். நம் பாக் நீரிணைக் கடலில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று முறை வைத்திருக்கிறோமே, அதுவும் இதே யோசனைதான். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி இருக்கிறது. ரயில் போனால் கப்பல் நிற்கும், கப்பல் போனால் ரயில் நிற்கும். ஒரே இடம், இரண்டு பேர், ஒருவர் கையில்தான் அனுமதி.

ஒற்றைத் தடத்தில் ரயில் ஓட்டுநர் கையில் டோக்கன் இருந்தால்தான் நகரலாம் என்ற பழைய ரயில்வே வழக்கம் மாதிரியே, டோக்கன் ரிங் என்ற ஐபிஎம் நிறுவனத்தின் நெட்வொர்க் முன்பு இருந்தது. டோக்கன் வட்டமாகச் சுற்றும். கையில் வந்தவர் பேசுவார். ஒழுங்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஈதர்நெட் மலிவாகி, சுவிட்சும் வந்ததும் அதற்கு வேலை இல்லாமல் போனது.

முறை வைப்பதற்கு இன்று உயிரோடு இருக்கும் நல்ல சான்று நான் சொன்ன ஏஐஎஸ். இதுவும் அலோஹா மாதிரியே 9600 பிட். ஒரு நிமிடத்தை 2250 இடமாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் 256 பிட் போக நேரம். அடுத்த முறை எந்த இடத்தில் பேசப் போகிறேன் என்பதையும் கப்பல் இந்தச் செய்தியிலேயே சொல்லிவிடுகிறது. கேட்கும் மற்றக் கப்பல்கள் அந்த இடத்தை விட்டுவிடுகின்றன. கடல் நடுவில், தலைவர் யாரும் இல்லாமல்.

சுவிட்சுக்கு யார் எங்கே இருக்கிறார் என்று எப்படித் தெரிகிறது? நாம் ஒன்றும் எழுதி வைப்பதில்லையே?

துறைமுகத்துக்குப் புதிதாக வந்த டீக்கடைப் பையனைப் பாருங்கள். யார் எந்தக் கொட்டகை என்று அவனுக்குத் தெரியாது. எந்தப் பக்கத்திலிருந்து யார் குரல் வந்தது என்று கவனித்துக் கவனித்தே இரண்டு நாளில் எல்லாம் பழகிவிடும். சுவிட்ச் கற்பதும் அனுப்புபவர் முகவரியிலிருந்துதான். பலரும் இங்கே தவறுகிறார்கள். வாங்குபவர் முகவரியைப் பார்த்துக் கற்கிறது என்று எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். வாங்குபவர் முகவரி தேடுவதற்கு, அனுப்புபவர் முகவரி கற்பதற்கு.

பட்டியலில் இல்லாத முகவரிக்குப் பிரேம் வந்தால், வந்த வாசலைத் (கேபிள் செருகும் துளை, போர்ட்) தவிர மற்ற எல்லா வாசலிலும் அனுப்பிவிடும். ஒரு கருவி 300 விநாடி பேசாமல் இருந்தால் பல சுவிட்சுகள் அதன் பெயரை அழித்துவிடும்.

ஒரே கேபிளின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் செருகினால் என்ன ஆகும்?

மண்டபத்தில் ஒரு ஐஸ் பிளான்ட்டில் இதை நேரில் பார்த்தேன். இடத்தைக் கூட்டியவர் தொங்கிக்கொண்டிருந்த முனையை நல்லெண்ணத்தில் காலியான துளையில் செருகியிருக்கிறார். பில் போடும் கணினி, எடை மேடை, கேமரா எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டன. சுவிட்சின் விளக்குகள் அத்தனையும் ஒரே தாளத்தில் வெறிபிடித்த மாதிரி மின்னின. அந்தத் தாளத்தைப் பார்த்தாலே இனி உங்களுக்கும் தெரிந்துவிட வேண்டும்.

எல்லோருக்குமான ஒரு பிரேம் போதும். சுவிட்ச் அதை எல்லா வாசலிலும் அனுப்பும், அது கேபிள் வழியாகச் சுற்றித் திரும்பி வரும், மறுபடி எல்லா வாசலிலும் போகும். ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் எண் உண்டு. ஒவ்வொரு ரௌட்டரிலும் ஒன்று குறைந்து சுழியானால் செத்துவிடும். ஈதர்நெட் பிரேமுக்கு ஆயுள் எண் கிடையாது. நாம் பிடுங்கும்வரை சுற்றும்.

இதற்கு வழி சொன்னவர் ரேடியா பெர்ல்மன். 1985-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் இருந்தபோது ஸ்பானிங் ட்ரீ நெறிமுறையை உருவாக்கினார். சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி ஒருவரை வேராக வைத்துக்கொள்கின்றன. வேருக்குப் போகச் செலவு குறைந்த வழியை மட்டும் திறந்து, வட்டம் உண்டாக்கும் வாசலை மூடிவைக்கின்றன. திறந்த வழி அறுந்தால் மூடியது திறக்கும். பழைய வடிவத்தில் புது வாசல் திறக்க 30 விநாடி ஆகும். பின்னால் வந்த வேக வடிவம் பெரும்பாலும் இவ்வளவு நேரம் காத்திருக்க வைப்பதில்லை. விலை குறைந்த சுவிட்சுகளில் பெரும்பாலும் இந்த நெறிமுறை இருக்காது. ஐஸ் பிளான்ட்டிலும் இல்லை. கேபிளின் இரண்டு முனையிலும் பெயர் ஒட்டுங்கள் என்று நான் பையன்களிடம் மல்லுக்கட்டுவது இதனால்தான்.

காக்கா, ஒரே சுவிட்சில் கடைக்கணக்கையும் கேமராவையும் பிரித்து வைக்க முடியுமா? (கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி; அங்கே காக்கா என்றால் அண்ணன்)

முடியும், விலான் போட்டால். பிரேமில் 4 பைட் அடையாளம் ஒன்று சேரும். அதில் 12 பிட் எண். 4094 தனி நெட்வொர்க் வரை பிரிக்கலாம். உங்களுக்கு இரண்டு போதும். அமைப்பு மாற்றக்கூடிய சுவிட்சாக வாங்குங்கள்.

கடலோரத்தில் நெட்வொர்க் அடிக்கடி மெதுவாகிறது. விளக்கு எரிகிறது, பிங்கும் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது. எங்கே தேடுவது?

இரண்டாவது அடுக்கில் தேடுங்கள். கடலிலிருந்து இருநூறு மீட்டருக்குள் இருக்கும் கட்டடங்களில் நான் பார்க்கும் பழுதுகளில் பெரும்பகுதி இதுதான். உப்புக்காற்று இணைப்பு முனையின் செம்பைப் பச்சையாக்கிவிடுகிறது. இணைப்பு அறுவதில்லை, அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருக்கிறது. விளக்கு எரியும். சில பிரேம்கள் கெடும். கெட்டதைச் சுவிட்ச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும், டிசிபி மறுபடி கேட்கும், வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். வீட்டுக்காரருக்குத் தெரிவது "நெட் இழுக்குது" என்பது மட்டும்தான்.

சிஆர்சி பிழை எத்தனை என்று கருவியே எண்ணி வைத்திருக்கும். அமைப்பு மாற்றக்கூடிய சுவிட்சில் ஒவ்வொரு வாசலுக்கும் புள்ளிவிவரப் பக்கம் உண்டு. கணினியிலும் மொத்தப் பிழை எண்ணைப் பார்க்கலாம்; லினக்ஸில் "ip -s link" கட்டளை, விண்டோஸில் "netstat -e". எண்ணைக் குறித்துக்கொண்டு பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சும்மா இருக்கும் பெரிய எண் பழைய கதையாக இருக்கலாம். ஏறிக்கொண்டே போகும் எண்தான் பழுது. ஒரு முனை இரட்டை வழி (ஒரே நேரத்தில் போவதும் வருவதும்), மறுமுனை ஒற்றை வழி (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) என்று தவறாக அமைந்திருந்தாலும் இதே எண் ஏறும், அதையும் பார்த்துவிடுங்கள்.

பிறகு முனையை வெட்டிப் புதுசு போடுங்கள். தங்க முலாம் தடித்த முனை வாங்குங்கள், 50 மைக்ரோ இஞ்ச் என்று கேட்டால் கடையில் தெரியும். செம்புப் பூச்சுள்ள அலுமினியக் கேபிளை இந்தக் கரையில் போடவே போடாதீர்கள், உள்ளேயே பொடிந்துவிடும். வெளியே வரும் முனையை மூடிய பெட்டிக்குள் கொண்டுபோய், கேபிள் நுழையும் துளையைக் கீழ்ப்பக்கம் வையுங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 100 மீட்டரைத் தாண்ட வேண்டாம். கட்டடத்துக்குக் கட்டடம் போவதென்றால் ஃபைபர் போடுங்கள்; அதில் உப்புக்கும் இடிக்கும் வேலை இல்லை. இரண்டு முனையையும் மாற்றிய பிறகு எண்ணைச் சுழியாக்கிவிட்டு, ஒரு வாரம் கழித்து அந்தக் கட்டடத்துக்கு மறுபடி ஒரு நடை போய்ப் பாருங்கள்.